திருவந்திபுரத்துக்கு நேர்ந்த முடி

1

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான் வளர்த்த பிள்ளைகள் நான்கு பேர்.

இதைச் சொன்னதும் என் பேத்தி யமுனா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “மூணுதான ஆயா? ரவி மாமா, எங்கம்மா, குமார் மாமா.” நாலு என்றே எழுது, காரணம் பின்னால் வரும் என்றேன். எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. நான் புவனகிரியில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக் கூட்டிக் கடைப் பெயர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் பேத்தியை நம்ப வேண்டியதுதான். நான் பேசுவதை அப்படியே எழுதாமல், அச்சில் வருகிற மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

சிதம்பரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறார்கள். முப்பத்தாறு வருடமாக ஜெர்மனியில் இருப்பவள் என்று என்னிடம் நாலு பக்கம் கேட்டார்கள். பனி, ரயில், சுத்தம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் இப்போது டிவியிலேயே காட்டுகிறான். போன வாரம் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து, கடலூரிலும் சரி சிதம்பரத்திலும் சரி, பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன வேண்டுதல், யாருக்கு என்று கேட்கிறார்கள். பிள்ளைக்கு என்கிறேன். எந்தப் பிள்ளைக்கு என்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதையே எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

2

என் வீட்டுக்காரர் நெய்வேலிச் சுரங்கத்தில் ஜெர்மன் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். அவற்றைப் பூட்ட வந்த வெள்ளைக்காரர்கள் அவர் கைவேலையைப் பார்த்துத் தங்கள் ஊருக்கே அழைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து ரவியையும் கலாவையும் கூட்டிக்கொண்டு நானும் போனேன். போய்ச் சேர்ந்த இடமும் நிலக்கரி தோண்டுகிற ஊர்தான். ஜன்னல் விளிம்பில் அதே கரித்தூள். ஆகாயவிமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்தது இதைத் துடைக்கவா என்று முதல் வருடம் முழுக்க நினைத்தேன். குமார் அங்கேயே பிறந்தான்.

சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய மாடிக் கட்டடம் அது. எங்களுக்கு நேர் மேல் வீட்டில் ஹாத்திஜே இருந்தாள். துருக்கியில் ஏதோ மலைக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் சுரங்கத்துக்குள் இறங்குவான், இவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்துக்கு விடியும் முன் போகவேண்டும். பையன் பிறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை கதவைத் தட்டி, துணியில் சுற்றிய பிள்ளையை என் கையில் வைத்தாள். தயவு செய்து என்பதற்கான ஜெர்மன் வார்த்தை ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னாள். வாங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் போகிற வரை பகல் முழுக்க அவன் என் வீட்டில்தான். பெயர் காதிர். என் வாயில் கதிர் ஆகிவிட்டது. பெற்றவளை அன்னே என்பான், என்னை அம்மா என்பான். என் கையால் ரசம் சோறு தின்றான். பன்றிக்கறி மட்டும் கொடுக்கக் கூடாது என்று ஹாத்திஜே மூக்கை அழுத்திக் காட்டினாள். நாங்களும் தொடமாட்டோம் என்று நானும் மூக்கை அழுத்தினேன். அதுதான் எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு. சுருள் சுருளாக அவ்வளவு முடி அந்தப் பிள்ளைக்கு. சனிக்கிழமை தவறாமல் தேங்காய் எண்ணெய் தடவுவேன். தலை நாறுகிறது என்று ஹாத்திஜே மாடிப்படியில் நின்று கத்துவாள், மறுநாள் எண்ணெய் வாசத்தோடே கொண்டுவந்து விடுவாள்.

அவள் என்னை ஸரோ ஆப்லா என்று கூப்பிடுவாள். ஆப்லா என்றால் அக்கா. எங்கள் இரண்டு பேர் ஜெர்மனையும் சேர்த்தாலும் முழுசாக ஒன்று தேறாது. ஆனால் இத்தனை வருடச் சண்டையும் சமாதானமும் அதில்தான் நடந்தன. இங்கே அவள் பேசுவதையெல்லாம் நம்ம ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

என் பிள்ளைகள் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. கலா கடலூரில் மஞ்சக்குப்பத்துக்கு வாக்கப்பட்டு வந்துவிட்டாள். ரவி வேறு ஊரில் பெரிய வேலையில் இருக்கிறான், ஞாயிறு போன் வரும். குமாருக்கு நான் பேசுவது புரியும், பதில் ஜெர்மனில் வரும். அவன் பிள்ளைகளுக்கு நான் பேசுவதும் புரியாது. என்னைப் பார்த்துச் சிரிக்கும், நானும் சிரிப்பேன், கேக் சாப்பிடுவோம், கிளம்பிவிடுவார்கள். ரவிக்கும் கலாவுக்கும் முதல் மொட்டை திருவந்திபுரத்தில் நடந்தது. குமார் சமயத்தில் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, பிறகு அவன் சம்மதிக்கவில்லை.

3

கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துகிற கொட்டகை. அதன் இரும்புக் கதவில் பந்து மோதுகிற சத்தம்தான் எனக்குப் பத்து வருடம் மத்தியான மணி. அந்தக் கதவிலிருந்து கதிர் ஊர்க் கால்பந்து அணிக்குப் போனான், அங்கிருந்து பெரிய நகரத்து அணி பள்ளிக்கூட வயதிலேயே எடுத்துக்கொண்டது. 2004-ஆம் வருடம், இருபது வயதில், பெரியவர்கள் அணியில் இறக்கினார்கள். டிவியில் முகம் தெரிந்தது. முடியை வெட்டாமல் தோள் வரை வளர்த்து ரப்பர் வளையத்தில் கட்டியிருந்தான். கொஞ்ச நாளில் ஊரில் சின்னப் பயல்கள் எல்லாம் அதே மாதிரி கட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதில் பாதி என் எண்ணெய் என்று யாருக்குத் தெரியும்?

அவன் கோல் அடிக்கிறவன் இல்லை. கோல் விழாமல் தடுக்கிறவனும் இல்லை. நடுவில் நிற்கிறவன். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவனைப் பாருங்கள், யார் இலையில் என்ன தீர்ந்தது என்று ஓடிக்கொண்டே இருப்பான், உட்கார்ந்து சாப்பிடமாட்டான். அந்த வேலை. பந்து வரும் முன்பே யாருக்குக் கொடுப்பது என்று பார்த்து வைத்திருப்பான். கொடுத்தது தெரியாது, அடித்தவன் பேர்தான் பேப்பரில் வரும். சாப்பிட்டவர்கள் சமையல்காரனைப் புகழ்வார்கள், பரிமாறியவனை யார் நினைக்கிறார்கள்?

ஒன்று மட்டும் எனக்கே எனக்கு. நடுவர் தப்பாக ஊதினால் அவன் வாய் அசையும். என்ன சொல்கிறான் என்று நடுவருக்குத் தெரியாது. துருக்கி மொழியில் திட்டுகிறான் என்று ஜெர்மன்காரர்கள் நினைத்தார்கள், ஜெர்மனில் திட்டுகிறான் என்று துருக்கிக்காரர்கள் நினைத்தார்கள். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும், அவன் சொன்னது “போடா வெண்ண”. குமாரைத் திட்ட நான் வைத்திருந்த வார்த்தை. குமார் மறந்துவிட்டான்.

அந்த வருடக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்ததே, அன்றைக்குக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போன் எடுக்கவில்லை. டிவியில் தேவனாம்பட்டினத்தைக் காட்டினான். என் மகன்கள் இரண்டு பேரும் பனிச்சறுக்கு விடுமுறையில் மலை மேல் இருந்தார்கள். குளிர்கால ஓய்வுக்கு வீட்டுக்கு வந்திருந்த கதிர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனை அழுத்திக்கொண்டே இருந்தான். எழுந்து போய்ச் சாப்பிடவில்லை. கலா குரல் கேட்டதும் போனை என் காதில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனான்.

4

அடுத்த வசந்தத்தில் முழங்கால் பிய்ந்தது. உள்ளே இருக்கிற நரம்பு என்றார்கள். யாரும் மோதவில்லை, அவனாகத் திரும்பும்போது விழுந்தான். புல்லைக் கையால் அடித்தான். ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் ஹாத்திஜே மணி உருட்டிக்கொண்டிருந்தாள், ஒரு பக்கம் நான். இனிமேல் ஆடுவானா என்று டாக்டரைக் கேட்டதற்கு, பார்ப்போம் என்றார். அந்த ஊர் டாக்டர்கள் பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். கதிர் கால் நல்லபடி ஆனால் அவன் தலைமுடியைத் திருவந்திபுரம் பெருமாளுக்குக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என் பிள்ளைகளுக்கு எது வந்தாலும் அங்கேதான் நேர்வேன். வேறு சாமியைத் தேட எனக்குத் தோன்றவில்லை. துலுக்கப் பிள்ளையாயிற்றே என்றும் அப்போது தோன்றவில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கம் தர்காவுக்கு நம் ஆட்கள் நேர்ந்துகொள்வதில்லையா?

ஹாத்திஜேயும் ஒன்று நேர்ந்திருக்கிறாள், ஆட்டுக்கடா. அவன் மறுபடி பந்தைத் தொட்ட வாரமே அறுத்துவிட்டாள். நேர்ந்த வீட்டார் அந்தக் கறியைத் தின்னக் கூடாதாம், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். ஒரு தொடை என் வீட்டுக்கு வந்தது. மிளகு போட்டு வறுத்தேன். வாசனைக்குக் கீழே வந்து வாசலில் நின்றவளிடம், நானும் நேர்ந்திருக்கிறேன், அவன் முடியை என்றேன். சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

கதிரிடமும் சொன்னேன். “முடியா? மொத்தமுமா?” என்று தலையைப் பிடித்துக்கொண்டான். “அடுத்த கோடைக்குப் போலாம்மா.” அடுத்த கோடையில் அந்த நாட்டில் உலகப் போட்டி வந்தது. பால்கனிக்குப் பால்கனி கொடி. ஹாத்திஜே இரண்டு நாட்டுக் கொடியும் கட்டினாள். அதற்கடுத்த கோடையில் பயிற்சி முகாம். பிறகு ஒப்பந்தம். சாமிக்குப் பொறுமை உண்டு என்று நானும் இருந்தேன். மஞ்சள் துணி வெளுத்துப் போனது.

5

2008 வாக்கில் இரண்டு நாடும் அவனைக் கூப்பிட்டன. ஜெர்மனிக்கு ஆடு என்று அவர்கள், எங்கள் ரத்தம் எங்களுக்கு ஆடு என்று துருக்கிக்காரர்கள். என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

“அம்மா, நீ சொல்லு. எந்தப் பக்கம்?”

“உங்கம்மாவ கேட்டியா?”

“அழுவுறாங்க.”

“உங்கப்பா?”

“ரெண்டு நாளா பேச்சே இல்ல.”

“அப்ப நான் என்னாடா சொல்றது? எந்தச் சட்டை நல்லாருக்குது?”

“வெள்ளை.”

“வெள்ளை அழுக்காவும். யார் தொவைக்கிறது?”

ரொம்ப நாள் கழித்து அன்றைக்குச் சிரித்தான். ஜெர்மனியின் வெள்ளைச் சட்டையைத்தான் எடுத்துக்கொண்டான். பிறந்தது இங்கே, படித்தது இங்கே, கனவில் பேசுகிறதுகூட ஜெர்மனில்தான் என்று தாயிடம் சொன்னானாம்.

துருக்கியோடு ஒரு ஆட்டம் வந்தது. ஜெர்மனியில்தான் நடந்தது, ஆனால் அரங்கத்தில் பாதிக்கு மேல் சிவப்புக் கொடி. இவன் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் அத்தனை பேரும் சீழ்க்கை அடித்தார்கள். பந்து போனதும் நின்றுவிடும், வந்ததும் ஆரம்பிக்கும். ஹாத்திஜே என் சோபாவில் உட்கார்ந்து முக்காட்டு ஓரம் பின்னிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. “நம்ம ரொட்டிக் கடைக்காரன் டிக்கெட் வாங்கிப் போயிருக்கான் ஆப்லா,” என்றாள். “நாளைக்கு என் மூஞ்சியில எப்படி முழிக்கிறான்னு பாக்குறேன்.” அன்றைக்குக் கதிர் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் பந்தை வாங்குகிற வேகத்தில் கொடுத்துவிட்டான், கையில் நெருப்பு வாங்கினவன் மாதிரி. ஜெர்மனி அணிக்கு மறுபடி அவனைக் கூப்பிடவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை.

எனக்கு அவன் கஷ்டம் புரிந்தது என்று சொன்னால் பெரிய பேச்சாகிவிடும். நான் இந்திய பாஸ்போர்ட்டை விடாதவள். வீட்டுக்காரர் மாற்றிக்கொண்டார், பிள்ளைகள் மாற்றிக்கொண்டார்கள், நான் மாட்டேன் என்றேன். அதனால் சில வருடங்களுக்கு ஒரு முறை வெளிநாட்டார் அலுவலகத்தில் நம்பர் சீட்டு வாங்கி உட்காரவேண்டும். மொழிப் பரீட்சை எழுதினாயா, இந்தத் தாள் எங்கே, அந்தத் தாள் எங்கே. இந்த வயதில் பரீட்சை. ஒரு முறை கதிர் துணைக்கு வந்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்று, தன் பையனுக்கு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டாள். என் முத்திரை உடனே விழுந்தது. அடுத்த முறை நான் தனியாகப் போனேன். அதே அம்மாள்தான். உங்கள் ஆட்டக்காரர் இப்போதெல்லாம் டிவியில் வருவதில்லையே என்றாள். இன்னொரு தாள் கொண்டுவரச் சொன்னாள்.

ஊருக்கு வந்தால் மட்டும் என்ன? சிதம்பரத்தில் காய்க்காரிகூட ஜெர்மன்காரம்மா வந்துட்டாங்க என்று விலையை ஏற்றுகிறாள்.

6

2010-இல் அதே முழங்கால் மறுபடி போனது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று கலா இப்போது சொல்கிறாள். எப்படி இருப்பது? நேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது, செலுத்தவில்லை, அதே கால். மாடி ஏறிப் போனேன். ஹாத்திஜே தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்த தடவ ஆபரேசன் முடிஞ்சதும் அவன நம்ம ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்,” என்றேன். “சாமி கடன் நிக்கிது.”

“என்னா கடன்?”

“அதான் சொன்னனே, முடி.”

அப்போதுதான் நான் விளையாடவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அடுப்பை அணைத்தாள். “என் புள்ள முடிய உன் சாமிக்கா?”

“யார் சாமியா இருந்தா என்னா, கால் நல்லாவணும்.”

“நான் கடா அறுத்துட்டேன். அவன் கணக்கு முடிஞ்சிது.”

“உன் கணக்கு முடிஞ்சிது. என் கணக்கு நிக்கிது.”

“உனக்கு என்னா கணக்கு ஆப்லா? பெத்தவ நானு. நேந்துக்க நீ யாரு?”

இந்த இடத்தில் யமுனா என்னைப் பார்க்கிறாள். அழுவேன் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. அன்றைக்கும் அழவில்லை. தேநீரைக் குடிக்காமல் இறங்கி வந்தேன். அந்தக் கேள்வியில் தப்பும் இல்லை. நேர்ந்துகொள்வது பெற்றவர்கள் உரிமை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தலையை யாரும் நேர்ந்துகொள்ள மாட்டார்கள். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். அதை அவளுக்குச் சொல்ல என் ஜெர்மனில் வார்த்தை இல்லை. தமிழில் இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு மாடிக்கும் கீழுக்கும் பலகாரத் தட்டுகள் போகவில்லை. ஒரே படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் அவள் சுவரைப் பார்ப்பாள், நான் கைப்பிடியைப் பார்ப்பேன். குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்கும். எந்த நேரத்தில் எழுகிறாள், எப்போது தொழுகிறாள், எல்லாம் என் கூரையில் தெரியும். கதிர் ஊன்றுகோலோடு இரண்டு வீட்டுக்கும் வந்தான். ஒரு வீட்டில் பேசியதை இன்னொரு வீட்டில் சொல்லமாட்டான். அவனும் என்ன செய்வான், நடுவில் நிற்பதுதானே அவன் தொழில்.

7

கால் சேர்ந்தது, ஆனால் பழைய கால் இல்லை. அணிக்காரர்கள் அவனைத் துருக்கிக்கு விற்றுவிட்டார்கள். விற்பது என்றுதான் சொல்கிறார்கள், ஆள்களை. சொந்த நாட்டுக்குப் போகிறான் என்று பேப்பரில் போட்டார்களாம். அங்கே போனதும் அவனை ஜெர்மன்காரன் என்றார்கள். அவன் துருக்கிப் பேச்சைக் கேட்டு அணிப் பையன்கள் சிரித்தார்களாம், கிழவிகள் பேசுகிற துருக்கி என்று. தாயிடம் கற்றது வேறு எப்படி இருக்கும்? சமைத்துப் போட ஹாத்திஜேயும் கூடப் போனாள். மாடியில் அவள் நடக்கிற சத்தம் நின்றது. சண்டை போட்ட ஆளாக இருந்தாலும் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் பாதி ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். 2011 கடைசியில் ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டியபோது அங்கிருந்து போன் செய்தான். “கலாக்கா எப்படி இருக்காங்க? வீடு நிக்கிதா?” மரம் விழுந்து ஓடு போனது, ஆள்களுக்கு ஒன்றும் இல்லை என்றேன். “கால் எப்படிடா?” என்று கேட்டேன். “இருக்குதும்மா,” என்றான்.

இந்த வருடம் ஆனி மாதம் நான் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம். ஹாத்திஜே. துருக்கியிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவளாக வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே முடி. கருப்பு, சுருள், ஒரு கை நிறைய. ரப்பர் வளையமும் அதிலேயே இருந்தது.

“புதுசா ஒரு கோச்சு வந்திருக்கான்,” என்றாள். “நீள முடி ஆகாதாம். வெட்டலன்னா பெஞ்சியிலகூட எடமில்லன்னுட்டான். இவனும் போய் ஒக்காந்துட்டான். நான் கூடப் போனேன். கடைக்காரன் பெருக்கித் தள்ளப் போனான். நிறுத்துடான்னுட்டு நானே குனிஞ்சி பொறுக்கினேன்.”

“கோச்சுக்காக வெட்டுனது,” என்றேன்.

“ஆமா. உன் சாமி கேட்டு அவன் குடுக்கல. கோச்சு கேட்டான், குடுத்துட்டான்.” கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். “ஆனா நேந்தவ நீ. கொண்டு போய்க் குடுத்துடு. அடுத்த தடவ நேந்துக்கும்போது மட்டும் எங்கிட்டயும் ஒரு வார்த்த கேளு.”

தேநீர் வைத்தேன். இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். என் தேநீர் எப்போதும் போலத் தண்ணீராக இருக்கிறது என்றாள்.

8

சென்னை விமான நிலையத்தில் சுங்கக்காரர் பெட்டியைத் திறந்து அந்தப் பையைத்தான் முதலில் எடுத்தார்.

“என்னம்மா இது?”

“முடி.”

“அது தெரியுது. யாரு முடி?”

“புள்ள முடிப்பா. வேண்டுதல், திருவந்திபுரத்துக்கு.”

“புள்ளையக் கூட்டிட்டு வர்றதுதான? முடிய மட்டும் பார்சல் பண்ணியிருக்கீங்க?” பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிச் சிரித்தார். பிறகு பையைச் சுருட்டி, துணிக்கு அடியில் பத்திரமாக வைத்து மூடினார்.

கலாவும் யமுனாவும் கூட வந்தார்கள். கடலூரிலிருந்து டவுன் பஸ். கெடிலம் ஆற்றில் தண்ணீர் இல்லை. முடி எடுக்கிற இடத்தில் ஏழுமலை என்று ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கத்தியில் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார்.

“தலை யாருது?”

பையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். “கவர்ல இருக்கறத நான் எங்கம்மா மழிக்கிறது?”

“வெளிநாட்டுல இருக்கான். அங்க வெட்டிட்டாங்க. சாமிக்கு நேந்தது.”

“அங்க வெட்டுனது அங்க வெட்டுனதும்மா. தண்ணி தெளிச்சி, கத்தி வச்சாத்தான் இங்க கணக்கு. இத ஆத்துல வுடுவீங்களோ, எங்க வுடுவீங்களோ, எனக்குத் தெரியாது.”

கோச்சுக்காக வெட்டியது என்று எனக்கே மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் அதையேதான் சொல்கிறார். “புள்ள வர முடியலன்னா வீட்டுப் பெரியவங்க தலையக் குடுக்கறது உண்டில்ல?” என்றேன்.

“உண்டு. தெனம் நாலு பேரு குடுக்கறாங்க.”

கலா என் கையைப் பிடித்தாள். “அம்மா, இந்த வயசுல எதுக்கு? பூமுடி குடு, போதும். மூணு இணுக்கு வெட்டுவாங்க. திரும்ப அந்தக் குளிருக்குப் போவணும் நீ.”

“அவன் மொத்தத் தலைக்கு நேந்தேன். மூணு இணுக்குக்கு நேரல.”

உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்தேன். அவ்வளவும் நரை, ஆனால் நீளம் இடுப்பு வரை இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன். கதிர் முடி இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஏழுமலை தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். கத்தி வைக்கும் முன், “பெத்தவங்கதான நீங்க?” என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

“நேந்தவ,” என்றேன். தலையைக் குனிந்தேன்.

முடி மடியில் விழ விழ, பையைப் பிரித்து அவன் முடியையும் அதோடு கலந்தேன். கருப்பும் வெள்ளையுமாக ஏழுமலை ஒன்றாக அள்ளிக்கொண்டு போனார். இது யாருடையது, அது யாருடையது என்று கேட்கவில்லை. ரப்பர் வளையம் மட்டும் என்னிடம் இருக்கிறது. மஞ்சள் துணியிலிருந்த காசை உண்டியலில் போட்டேன். உப்பும் மிளகும் வாங்கிச் செலுத்தினேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள், கதிர் என்றேன். நட்சத்திரம் கேட்டார்கள். ஹாத்திஜேக்குப் போன் போட்டால், அன்றைக்குப் பனி கொட்டியது, அதுதான் ஞாபகம் என்கிறாள். பெருமாள் நட்சத்திரத்துக்கே பண்ணிவிடலாம் என்று பட்டர் சொன்னார்.

மறுநாள் கதிரிடம் பேசினேன். என் மொட்டையைப் பற்றி அவன் தாய் சொல்லிவிட்டிருந்தாள்.

“அம்மா, நெசமாவா? மொத்தமுமா?”

“மொத்தமும்தான். குளிச்சா சீக்கிரம் காயுது.”

சிரித்தான். துருக்கி அணி அவனை விட்டுவிட்டதாம். எங்கள் கரி ஊருக்குப் பக்கத்தில் மூன்றாம் வரிசை அணி ஒன்று கூப்பிடுகிறதாம், சம்பளம் கம்மி, வீட்டிலிருந்தே போய் வரலாமாம். இருபத்தெட்டு வயதில் ஒருவனைக் கிழவன் என்கிற தொழில். “கால் தாங்குமாடா?” என்றேன். “பாப்பம்மா,” என்றான். டாக்டர் சொன்ன பார்ப்போம் மாதிரி இல்லை, என் பிள்ளை சொன்ன பார்ப்போம். சாமி இனி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் பாக்கி இல்லை.

அடுத்த மாதம் கிளம்புகிறேன். மேலே மறுபடி நடக்கிற சத்தம் இருக்கும். குளிருக்கு ஹாத்திஜே ஒரு கம்பளிக் குல்லாய் பின்னிக்கொண்டிருக்கிறாளாம், தலை அளவு கேட்டாள், கலா நூல் வைத்து அளந்து சொன்னாள்.

பத்திரிகைப் பிள்ளைகள் கேட்ட நாலு பக்கம் தாண்டிவிட்டது என்று யமுனா கையை உதறுகிறாள். போதும் கண்ணு, பேனாவை மூடு. முழுசும் வேண்டாம், எனக்கும் அசதியாக இருக்கிறது. முதல் பக்கத்துக்குப் போ. எனக்கு எத்தனை வயது, எத்தனை பேரை வளர்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் சத்தமாகப் படி, கேட்கிறேன்.